காப்புக் கட்டிய ஊரில் ஆள் பிடிக்கப் போனேன்

மலேசியாவில், கோல சிலாங்கூரில் எங்கள் கடையின் அடுப்பு அணைந்து நான் பார்த்ததில்லை. இரவு பகல் எந்நேரமும் ரொட்டி சானாய் என்கிற எங்கள் ஊர்ப் புரோட்டா, எந்நேரமும் தே தாரிக் என்கிற இழுத்து ஆற்றிய டீ. அணையாத அடுப்பு என்று முதலாளி பெருமையாகச் சொல்லிக்கொள்வார், ஏதோ சன்னதி விளக்கைப் பற்றிப் பேசுவதுபோல. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தைப்பூசம் முடிந்த கையோடு அந்த அடுப்புக்கே ஆபத்து வந்தது. மாவு பிசைந்துகொண்டிருந்த இருவரும் பாத்திரம் கழுவியவனும் ஷா ஆலத்தில் டி.வி. பெட்டி செய்யும் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். அங்கே ஏர்கண்டிஷன் உண்டு, தலைக்குத் தொப்பி உண்டு, ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு. எங்கள் கடையில் இந்த மூன்றுமே கிடையாது.

எங்களுடையது கடலோர நாட்டுப்புறம். படகு இருக்கிறது, ஏற ஆள் இல்லை. எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை பழுத்துத் தொங்குகிறது, வெட்ட இந்தோனேசியாவிலிருந்து ஒருவன் கடல் தாண்டி வரவேண்டும். படித்த பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனார்கள், படிக்காத பிள்ளைகளும் தொழிற்சாலைக்குப் போனார்கள். ஊரில் மிஞ்சியது முதலாளிகள்தான். ஒருவருக்கொருவர் ரொட்டி போட்டுக் கொடுத்துக்கொள்ள வேண்டிய நிலைமை.

எங்கள் முதலாளி விருதுநகர்ப் பக்கம் பாலவனத்தத்தில் பிறந்து, மீசை முளைக்குமுன் கப்பலேறியவர். அவர் மனதில் அந்தச் சீமை அன்றைக்கு விட்டுவிட்டு வந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. "அங்க பஞ்சம். ரோட்டுல நின்னு கையைத் தட்டினாப் போதும், நூறு பேர் ஓடிவருவான். மூணு பேரைப் பொறுக்கி எடுத்துக்கிட்டு வா" என்றார். கல்லாவில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த நிமிடமே ரெக்ரூட்டிங் மேனேஜர் பதவி கிடைத்தது. சம்பளம் மட்டும் கல்லாவிலேயே உட்கார்ந்துவிட்டது.

என்ன சொல்லி அழைத்து வருவது என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார். எட்டு மணி நேர வேலை, தனி அறை, வாரம் ஒருநாள் ஓய்வு. உண்மை என்ன என்பது எனக்குத் தெரியும்: பதினாறு மணி நேரம், மாவு மூட்டைக் கிட்டங்கிக்கு மேலே ஆறு பேருக்கு ஓர் அறை, பாஸ்போர்ட் முதலாளியின் இரும்புப் பெட்டியில். "ஆள் இல்லாம வந்தே, கல்லாவுல வேற ஆள் இருப்பான்" என்று வழியனுப்பி வைத்தார்.

விருதுநகரில் ரயிலைவிட்டு இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் புரோட்டா தின்றது. தொழில் நிமித்தமாகத்தான். எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, கையால் நொறுக்கி, மேலே சால்னாவை ஊற்றுகிறார்கள். இதன் பக்கத்தில் வைத்தால் எங்கள் ரொட்டி சானாய் ஆஸ்பத்திரிச் சாப்பாடு. ஆசை தாங்காமல் மாஸ்டரிடமே கேட்டுவிட்டேன், மலேசியாவுக்கு வேலைக்கு வருகிறீர்களா என்று. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போன வாரம் சிங்கப்பூர்ல இருந்து ஒருத்தர் கேட்டாரு. அதுக்கு முந்துன வாரம் மஸ்கட்டு. ஒங்களுக்குப் பார்சல் எதுவும் வேணுமா?" என்றார்.

அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். பாலவனத்தம் வந்ததும் இறங்கி, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள் என்பது முதலாளியின் கட்டளை. கண்டக்டரிடம் சொன்னேன். "இது எக்ஸ்பிரஸு, நிக்காது. மண்ணுதான வேணும், அருப்புக்கோட்டையிலயும் மண்ணு இருக்கு" என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாலையின் இந்தப் பக்கம் ஒரு கூட்டம் அருப்புக்கோட்டைக்குப் போக நின்றது. அந்தப் பக்கம் ஒரு கூட்டம் விருதுநகருக்குப் போக நின்றது. இஸ்திரி போட்ட சட்டைகள், கையில் சோற்றுத் தூக்கு. யாரும் என் கைதட்டலுக்காகக் காத்திருப்பதாகத் தெரியவில்லை.

அருப்புக்கோட்டையில் எனக்கு வாய்த்த துணை சிக்கந்தர் பாய். முன்பக்கம் குடையும் கைக்கடிகாரமும் விற்பார், பின்பக்கம் அரபு நாடுகளுக்கு ஆள் அனுப்புவார். தெருவெங்கும் தறிச் சத்தம். கரண்டு போனால் சத்தம் நிற்கிறது, அப்போதுதான் ஊரார் ஒருவர் பேசுவதை ஒருவர் கேட்கிறார்கள். அப்படி ஒரு கரண்டு இல்லாத நேரத்தில் பாய் எனக்கு உலக நாடுகளின் விலைவாசியை விளக்கினார்.

"சவுதின்னா வெயிலு, ஆனா காசு. துபாய்னா மினுமினுப்பு. சிங்கப்பூருன்னா பொண்ணு குடுக்கிறவுக மறுபேச்சுப் பேச மாட்டாக. மலேசியான்னா..."

"மலேசியான்னா?"

"டீயைக் குடிங்க, ஆறிப்போகுது" என்றார் பாய்.

இரண்டு நாள் அந்த ஊரில் நடையாய் நடந்தேன். தறிக்காரர்கள் தறியை விட்டு வரமாட்டார்கள். மில்லில் இருப்பவர்கள் மில்லைப் பெருமையாக நினைத்தார்கள். கடைகளில் நின்ற பையன்களுக்கெல்லாம் ஏற்கெனவே ஒரு மாமாவோ மச்சானோ பம்பாயில் விசா ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். வேலையில்லாத் திண்டாட்டம் என்று பத்திரிகைகளில் படித்திருக்கிறேன். வேலையில்லாதவனைத் தேடித் திண்டாடுவதும் அதில் சேர்த்தி என்று எவரும் எழுதியதில்லை.

"டவுனுல கெடைக்காது" என்றார் பாய். "இது பங்குனி. ஊருக்கு ஊரு அம்மனுக்குப் பொங்கல் சாட்டியிருக்காக. திருப்பூரு, கேரளா, ஆந்திரான்னு போனவன் பூராவும் இந்த எட்டு நாளைக்கு ஊர்ல வந்து நிப்பான். அங்க போயித்தான் பிடிக்கணும்."

செவ்வாய்க்கிழமை மதியம் நரிக்குடிப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினோம். ஊர்ப்பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த பங்குனிக்கு அங்கே ஏஜெண்டுகள்தான் கூடுதலாக இருப்பார்கள். பஸ்ஸில் மனிதர்களுக்குச் சமமாக ஆடுகள் இருந்தன. ஓர் ஆடு என் காலடியில் படுத்து, என் பையின் வாரைச் சாவகாசமாகத் தின்றது. ஆட்டுக்காரரிடம் முறையிட்டேன். "தோலா, ரெக்ஸினா?" என்று கேட்டார். ரெக்ஸின் என்றதும், "அப்ப ஒண்ணும் செய்யாது" என்றார். ஆட்டுக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்கிறார் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

ஜன்னலுக்கு வெளியே திருச்சுழியைத் தாண்டியும் ஒரே பச்சை. எங்கள் ஊரில் பச்சை என்றால் தண்ணீர் என்று அர்த்தம். இங்கே தண்ணீர் இல்லை என்று அர்த்தம். எல்லாம் சீமைக் கருவேலம். புஞ்சையிலும் அதுதான், கண்மாய்க்குள்ளும் அதுதான். "இந்தப் பக்கத்துக்கு வெள்ளாமையே இதுதான்" என்றார் பாய். "வெதைக்க வேணாம், தண்ணி பாய்ச்ச வேணாம். வெட்டி அடுக்கி, மேல மண்ணப் போட்டு மூடி, உள்ளுக்குள்ளயே வேகவச்சாக் கரி. கரிமூட்டம் போடத் தெரிஞ்சவன் இந்த ஊருக்காரன்தான். அதனால இவன ஆந்திராவுக்குக் கூட்டிப்போயி அங்க இருக்கிற கருவேலத்தையும் வெட்டச் சொல்றாக."

ஊரில் இறங்கினால், டீக்கடை வாசலில் அரை இந்தியா உட்கார்ந்திருந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரன், கேரளாவில் செங்கல் சூளைக்காரன், பம்பாயில் முறுக்குப் போடுகிறவன். எல்லோரும் புதுச்சட்டை. அவர்களில் இருளப்பனை எனக்குப் பிடித்துப்போனது. முப்பது வயதிருக்கும். கரிமூட்டக்காரன் என்று அவன் சொல்லவே வேண்டாம், நகக்கண்ணும் கண்ணோரமும் சொல்லின. பேச்சுக்கு நடுவே இருமினான், இருமலுக்கு நடுவே சிரித்தான். துபாய்க்கு என்று பாய் எடுத்துக்கொடுத்த பாஸ்போர்ட் மூன்று வருஷமாகத் தகரப் பெட்டியில் சும்மா கிடக்கிறதாம். அவனிடமும் இன்னும் இரண்டு பேரிடமும் மலேசியாவுக்கு வருகிறீர்களா என்று பேசி வைத்தேன்.

பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "பொழுது அடையிறதுக்குள்ள நாம போயிரணும்."

பாம்பு பல்லி பயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, "நீங்க போங்க, அடுத்த பஸ்ஸுல வர்றேன்" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பஸ் கிளம்பிவிட்டது. ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

கொட்டுச் சத்தம் கேட்டது. கூட்டத்தோடு நானும் போனேன். அம்மன் கோயிலில் பூசாரி கையில் மஞ்சள் துணியில் காப்புக் கட்டினார்கள், குலவை போட்டார்கள். நான் இரண்டு போட்டோகூட எடுத்தேன். முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். டீக்கடைக்காரர் குறுக்கே வந்தார்.

"எங்க கெளம்பிட்டீக?"

"அருப்புக்கோட்டைக்கு. லாட்ஜுல ரூம் போட்டிருக்கேன்."

"காப்புக் கட்டியாச்சே."

"பாத்தேன். ரொம்ப நல்லா இருந்துச்சு."

"காப்புக் கட்டும்போது ஊருக்குள்ள இருந்தவுக ராத்திரி வெளிய தங்கப்படாது. பகல்ல எங்க வேணாலும் போங்க, பொழுதுக்குள்ள வந்துரணும். அடுத்த புதன்கெழம காப்பு அவுக்கிற வரைக்கும்."

"நான் இந்த ஊர்க்காரன் இல்லையே."

"ஆத்தாளுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியுமா?" என்றார். சுற்றி நின்ற யாரும் சிரிக்கவில்லை. பத்துப் பதினைந்து பேர் மிகுந்த மரியாதையோடு என் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஆள் பிடிக்க வந்தவன் இப்படிப் பிடிபட்டேன்.

எனக்குப் பஞ்சாயத்து டி.வி. அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். டி.வி. இரும்புக் கூண்டுக்குள் பூட்டியிருந்தது, நான் வெளியே பாயில் படுத்திருந்தேன். எங்கள் இருவரில் ஊரார் எதை அதிகம் நம்பினார்கள் என்பது அதிலேயே தெரிந்தது. மறுநாள் மத்தியான பஸ்ஸில் சிக்கந்தர் பாய் என் மிச்சத் துணிமணியைக் கொண்டுவந்தார். இறங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பையை நீட்டினார். "அதத்தான் சொல்ல வந்தேன்" என்றார்.

விடியுமுன்பே ஹாரன் சத்தம் எழுப்பிவிடும். தீப்பெட்டி ஆபீஸ் பஸ். தொழிற்சாலை என்று இங்கே சொல்வதில்லை, ஆபீஸ்தான். எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஊர் முழுக்கப் பெண்கள் ஆபீசுக்குப் போகும் கிராமம் இதுவாகத்தான் இருக்கும். பஸ் நிறையப் பெண்கள். அவர்களோடு பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டிய உயரத்தில் சில ஆபீசர்கள், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தொழிற்சாலைகளில் தலைக்குத் தொப்பி தருகிறார்கள் என்று முதலில் நையாண்டி செய்தேன் அல்லவா, அதை இந்த இடத்தில் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இருளப்பனின் மனைவி பஞ்சவர்ணமும் அந்த ஆபீஸ்தான். எனக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு என்று இருளப்பன் முதல்நாளே முடிவு செய்துவிட்டான். காப்புக் கட்டினால் பொங்கல் வைக்கும் நாள் வரை எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள், தாளிக்கமாட்டார்கள், கவிச்சி கிடையாது. எண்ணெயிலேயே பிழைப்பு நடத்துகிற எனக்குக் கம்பங்கஞ்சியும் சின்ன வெங்காயமும் மாங்காய்க் கீற்றும். முதல் இரண்டு நாள் அம்மனிடம் மனத்தாங்கலாகவே இருந்தேன். மூன்றாம் நாள் இரண்டாவது கும்பா கேட்டு வாங்கிக் குடித்தேன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகள் நான் குடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள்.

பஞ்சவர்ணம் அதிகம் பேசமாட்டாள், ஆனால் தினமும் என்னிடம் ஒரு கேள்வி கேட்பாள். அங்கே மழை பெய்யுமா? கடல் எவ்வளவு தூரம்? தமிழாட்கள் இருக்கிறார்களா? என் தாத்தாவே இந்தப் பக்கத்து ஆள்தான், எந்த ஊர் என்றுதான் தெரியாது என்றேன். "எப்பிடிப் போனாக?" என்றாள். கங்காணி வந்து கூட்டிப்போனதாகக் கேள்வி என்றேன். "நீங்க வந்திருக்கீகளே, அது மாதிரியா?" என்றாள். முதலாளி கொடுத்த பதவிப் பெயரை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளிக்குப் போன் பண்ண நரிக்குடிக்குப் போனேன். லைன் கிடைக்கவே வெகுநேரமானது. நடந்ததைச் சொன்னேன். "திருவிழாப் பாக்கவா ஒன்னைய அனுப்புனேன்? ராத்திரியோட ராத்திரியாக் கெளம்பி வா" என்று கத்தினார். பாலவனத்தத்தில் பிறந்தவராயிற்றே, காப்புக் கட்டினால் என்ன என்று தெரியாதா என்று கேட்டேன். குரல் இறங்கிவிட்டது. "கட்டிட்டாகளா? அப்ப இருந்துட்டு வா" என்று வைத்துவிட்டார். கோல சிலாங்கூரில் அத்தனை வருஷம் யாருக்கும் பயப்படாத மனிதர்.

வெளியே வந்தால், கடைசி பஸ் கிளம்பி நகர்கிறது. கத்திக்கொண்டே ஓடினேன். உள்ளே இருந்து யாரோ, "ஏலே நிறுத்துலே, காப்புக் கட்டுன ஊருக்காரரு!" என்று கூவினார். பஸ் நின்றது. கண்டக்டர் கையைக் கொடுத்து ஏற்றினார், ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். எங்கள் ஊரில் ஒரு பஸ் எனக்காக நின்றதாக ஞாபகமில்லை. வெளியூர்க்காரனாக ஓடியிருந்தால் அன்றைக்கு நரிக்குடியில்தான் கிடந்திருப்பேன்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் இருளப்பன் மகளுக்குப் பனையோலைக் காற்றாடி செய்துகொண்டிருந்தான். பஞ்சவர்ணம் அதைப் பார்த்தபடி சொன்னாள்: "வருசத்துல இந்த எட்டு நாளுதாண்ணே இவுக எனக்கு. மத்த நாள்ல, மழைக்கு மூட்டம் நின்னா வருவாக, மறாநாளே மேஸ்திரி வந்து கூப்புடுவான். இப்பக் கூப்புட முடியாதுல்ல. ஆத்தா பிடிச்சு வச்சுக் குடுக்குறா." கல்யாணமான புதிதில் அவளும் மூட்டத்துக்குப் போய்ப் பார்த்தாளாம். புகையில் குழந்தையை வைத்துக்கொண்டு இருக்க முடியாமல் திரும்பி வந்துவிட்டாளாம்.

புதன்கிழமை காலை காப்பு அவிழ்ந்ததும் கரி மேஸ்திரியின் லாரி ஊர் எல்லைக்கு வரும். இருளப்பன் அதில் ஏறினால் மறுபடி ஆந்திரா, மறுபடி புகை. என்னோடு வந்தால் மலேசியா. அந்த வீட்டில் அதைப் பற்றித்தான் பேச்சு, பேசாமல் இருந்த நேரத்திலும் அதுதான் பேச்சு. அவன் இருமும்போதெல்லாம் பஞ்சவர்ணம் என்னைப் பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டேவிட்டாள். "அங்க வேலை எப்பிடிண்ணே?"

முதலாளி சொல்லிக்கொடுத்த பாடம் நாக்கு நுனியில் இருந்தது. கையில் அவள் ஊற்றிய கஞ்சி. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லி இந்த வேலையை இங்கேயே முறித்துவிடுவது என்று தீர்மானித்தேன். கல்லா போனால் போகட்டும்.

"எட்டு மணி நேரம்னு சொல்லச் சொன்னாங்க. பொய். பதினாறு மணி நேரம்" என்றேன்.

"அப்ப எட்டு மணி நேரம் தூங்கலாம்" என்று கணவனைப் பார்த்துச் சொன்னாள். என் பக்கம் திரும்பி, "மூட்டத்துல இவுகளுக்கு ஏதுண்ணே தூக்கம்? எங்கிட்டாவது மண்ணு வெடிச்சுக் காத்துப் போயிட்டா அம்புட்டும் சாம்பலு. சுத்திச் சுத்தி வரணுமாம்" என்றாள்.

"ஆறு பேருக்கு ஒரே அறை."

"கதவு இருக்கா?"

"இருக்கு."

"மேல ஓடா, தளமா?"

"தளம்."

"தளம் போட்ட வீடாம்ல!" என்று இருளப்பன் சிரித்தான்.

நான் விடவில்லை. "பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பெட்டியில வச்சுக்குவார். கேட்டாலும் தரமாட்டார்."

"பத்திரமா இருக்கும். இங்க தகரப் பெட்டியில கரையான் ஏறுது" என்றாள்.

"முதலாளி கெட்ட வார்த்தையில திட்டுவார்."

"தமிழ்லயா?"

"தமிழ்லதான்."

"நல்லதாப் போச்சு. அங்க தெலுங்குல வையுறானாம். என்னண்டு வையுறான்னு வெளங்காம இவுக சிரிச்சுத் தொலைச்சிருக்காக, அதுக்கு அடிச்சிருக்கான்" என்றாள்.

அதற்குமேல் என்னிடம் கெட்ட செய்தி இல்லை. எங்கள் கடையில் உள்ள அத்தனை அசிங்கத்தையும் எடுத்து வைத்தேன், ஒவ்வொன்றும் அந்த வீட்டில் வசதியாக மாறிவிட்டது. என் முதலாளி இதைக் கேட்டிருந்தால் இவ்வளவு காலம் வீணாகப் பொய் சொன்னோமே என்று வருந்தியிருப்பார். வேலையை முறிக்கப் போன நான் அன்று ஆளைச் சேர்த்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை பொங்கல். கிடாய் வெட்டினார்கள். எட்டு நாள் தாளிக்காத ஊர் ஒரே நேரத்தில் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினால் என்ன வாசனை வரும் என்று நான் எழுதித் தெரியவைக்க முடியாது. இருளப்பன் எனக்கு ஈரல் எடுத்து வைத்துவிட்டு, கண்மாய்க் கரைப் பக்கம் தனியாகக் கூட்டிப்போனான்.

"லீவு எப்பண்ணே விடுவாக?"

ஞாயிற்றுக்கிழமை நான் சொல்ல மறந்த ஒன்று அதுதான். சத்தியமாக மறந்துதான் போயிருந்தேன், எங்களுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. "ரெண்டு வருஷம் முடிஞ்சுதான். நடுவுல கிடையாது" என்றேன்.

"பங்குனிக்குக் கூடவா?"

"எதுக்கும் கிடையாது."

காய்ந்த கண்மாய்க்குள் முளைத்திருந்த கருவேலத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். இருமல் வந்தது, அது ஓயும்வரை காத்திருந்தான். "என் கண்ணு ரெண்டும் போயிரும்ணே இன்னும் ரெண்டு மூட்டத்துக்குப் போனா. நான் வாரேன். அவகிட்ட இத மட்டும் சொல்லிராதீக" என்றான்.

புதன்கிழமை காலை பூசாரி காப்பை அவிழ்த்தார். ஊர் எல்லையில், மைல்கல்லுக்கு அந்தப் புறம், விடியுமுன்பே வண்டிகள் வரிசைகட்டி நின்றன. கரி லாரி, செங்கல் சூளை லாரி, பனியன் கம்பெனி வேன், வெள்ளைச் சட்டை ஏஜெண்டுகள் இரண்டு பேர். கல்லைத் தாண்டி ஒரு வண்டியும் உள்ளே வரவில்லை, அந்த மட்டுக்கும் ஆத்தாளிடம் பயம் இருந்தது. மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சந்தையில் மாடு பிடிப்பதைப் பற்றி முதலாளி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அங்கே துண்டுக்குள் விரலைப் பிடித்துக் கமுக்கமாக விலை பேசுவார்கள். இங்கே அந்த மறைப்புகூட இல்லை, கையைப் பிடித்து இழுத்தார்கள். பொருளாதாரம் படித்தவர்கள் லேபர் மார்க்கெட் என்று எதைச் சொல்கிறார்கள் என்று எனக்கு வெகுநாள் சந்தேகம் இருந்தது. அது காலையில் கூடி ஒரு டீ ஆறுவதற்குள் கலைகிற சந்தை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

நான் பேசி வைத்திருந்த மற்ற இரண்டு பேரில் ஒருவன் பனியன் வேனில் ஏறி எனக்குக் கையாட்டினான். இன்னொருவனை மஸ்கட் ஏஜெண்டு தோளில் கைபோட்டுக் கூட்டிப்போனார். போனவர்கள் யாரும் ஊரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு நாள் திருவிழாவாக இருந்த தெரு வெறும் தெருவாகிவிட்டது.

இருளப்பன் தகரப் பெட்டியோடு வந்தான். கரி மேஸ்திரி லாரிப் படியில் நின்றபடி, "ஏலே இருளா, இங்கிட்டு வாலே!" என்று கூப்பிட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு அவரைத் தாண்டி, அருப்புக்கோட்டை பஸ் நிற்கும் புளியமரத்தடிக்கு வந்து என் பக்கத்தில் நின்றான். எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஒருவனையாவது புகையிலிருந்து இழுத்துவிட்டோம் என்று நினைத்தேன், கல்லா தப்பியது என்றும் நினைத்தேன். எது முதலில் வந்தது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

பஞ்சவர்ணம் ஆபீசுக்குக் கிளம்பிய சேலையோடு வந்தாள், கையில் சோற்றுத் தூக்கு. மகள் கூட வந்தாள். அழவில்லை. கணவனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். எங்கள் பஸ் வந்து நின்றது. காப்பு அவிழ்ப்புக்காக அன்று தாமதித்த தீப்பெட்டி ஆபீஸ் பஸ் அதற்குப் பின்னாலேயே வந்து ஹாரன் அடித்தது. நான் படியில் கால் வைத்தபோது என்னிடம் அன்றைய கேள்வியைக் கேட்டாள்.

"அடுத்த காப்புக்கு வந்துருவாகல்லண்ணே?"

நான் இருளப்பனைப் பார்த்தேன். அவன் பஸ்ஸின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி சொல்லச் சொன்ன பொய்களில் ஒன்றைக்கூட அந்த ஊரில் நான் சொல்லவில்லை. பின்னால் ஹாரன் மறுபடி அடித்தது.

"வந்துருவாரும்மா. எட்டு நாளும் இங்கதான் இருப்பாரு" என்றேன்.

"அப்பச் சரிண்ணே" என்றாள். தூக்குவாளியை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.